பலகைக்கு ஒரு கும்பிடு

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'ஆலிவர் ட்விஸ்ட்' என்ற நாவலில், அநாதைச் சிறுவன் ஆலிவர் கஞ்சிக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு போய் இன்னும் கொஞ்சம் கேட்கும் இடம் உலகப் பிரசித்தமானது. நாவலைப் படிக்காதவர்களுக்குக்கூட அந்தக் காட்சி தெரியும். ஆனால் அதற்குச் சில பக்கங்கள் முன்னால் வேறொரு சின்னக் காட்சி வருகிறது. எனக்கென்னவோ, கஞ்சிக் காட்சியைவிட அதுதான் மனத்தை விட்டு அகலாமல் நிற்கிறது.

ஆலிவருக்கு அன்று ஒன்பது வயது நிரம்புகிறது. ஏழை விடுதிக்கு அவனை அழைத்து வந்த பம்பிள் என்ற சேவகர், 'போர்டு' கூடியிருப்பதாகவும், உடனே அதன் முன்னால் அவன் வந்து நிற்க வேண்டுமென்றும் சொல்கிறார். பையன் திகைத்துப் போகிறான். போர்டு என்றால் பலகை என்றுதான் அவனுக்குத் தெரியும். பலகை கூடுமா? பலகை ஒருவனைச் சொல்லி அனுப்பி அழைக்குமா? உயிருள்ள பலகை எப்படி இருக்கும்? அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உள்ளே போகிறான். எட்டுப் பத்துக் கனவான்கள், எல்லோரும் நல்ல தொந்தியும் தொப்பையுமாக, ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். மேஜையின் தலைப்பில், மற்ற நாற்காலிகளைவிடச் சற்றே உயர்ந்த நாற்காலியில், மற்றவர்களைவிடச் சற்றே பருத்த ஒருவர். போர்டுக்கு வணக்கம் சொல்லும்படி பம்பிள் கட்டளையிடுகிறார். பையன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்க்கிறான். பலகை எதுவும் கண்ணில் படவில்லை. மேஜைதான் இருந்தது. மேஜைக்கு ஒரு கும்பிடு போட்டு வைக்கிறான்.

வாசகர்கள் சிரிக்க வேண்டுமென்றுதான் டிக்கன்ஸ் இதை எழுதினார். நாமும் சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சொல்லின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், அந்த அறையில் இருந்தவர்களிலேயே சொல்லின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டவன் அந்த ஒன்பது வயதுப் பையன் ஒருவன்தான் என்று தோன்றுகிறது.

ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருப்பது ஆங்கிலத்தில் அதிசயமல்ல. 1928-ல் முடிவுற்ற ஆக்ஸ்போர்டு பேரகராதியின் முதல் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான். ஆனால் 'செட்' போன்ற சொற்கள் சந்தைக் கூட்டம் போல நாலா பக்கமும் சிதறிக் கிடப்பவை. 'போர்டு' அப்படியல்ல. அது ஒரு குடும்பம். பாட்டன், மகன், பேரன், கொள்ளுப் பேரன் என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த வமிசாவளியை வரிசையாகப் பார்த்தால், இங்கிலாந்தின் சமூக சரித்திரமே அதில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

நம் வாழ்க்கையிலும் அந்தக் குடும்பம் குடியேறி வெகுகாலமாகிவிட்டது. கடை வாசலில் போர்டு தொங்குகிறது. பஸ்ஸில் போர்டு பார்த்து ஏறுகிறோம். வாத்தியார் போர்டில் எழுதுகிறார். பையன் போர்டிங்கில் தங்கிப் படிக்கிறான். கம்பெனியில் போர்டு மீட்டிங். விமானம் ஏறப் போர்டிங் பாஸ். ஹவுசிங் போர்டு காலனியில் குடியிருப்பவர் மின்சாரம் நின்று போனால் 'ஈ.பி.'க்குப் போன் செய்கிறார். அந்த 'பி' என்ற எழுத்தும் போர்டுதான். 1957-ல் ஏற்பட்ட மின்சார போர்டை 2010-ல் கம்பெனிகளாகப் பிரித்தாகிவிட்டது. ஆனால் மக்கள் வாயில் ஈ.பி. போகவில்லை. இவ்வளவு பேரும் ஒரு பாட்டனின் சந்ததிகள். அந்தப் பாட்டன் ஒரு வெறும் மரப்பலகை.

ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் வீடு எப்படி இருந்தது என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். நடுவில் ஒரே ஒரு பெரிய கூடம். அதிலேதான் சாப்பாடு, அதிலேதான் வழக்கு விசாரணை, இரவில் வேலையாட்கள் படுத்துத் தூங்குவதும் அதிலேதான். அங்கே நிரந்தரமாக ஒரு மேஜையைப் போட்டு வைத்தால் இடம் அடைத்துக்கொள்ளும். ஆகையால் சாப்பாட்டு வேளையில் மரத் தாங்கிகளை நிறுத்தி, அவற்றின் மேல் நீளமான பலகைகளைப் பரப்புவார்கள். சாப்பாடு முடிந்ததும் பலகைகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிடுவார்கள். கழற்றாமல் நிரந்தரமாகக் கிடக்கும் மேஜை செல்வச் செருக்கின் அடையாளம். 14-ஆம் நூற்றாண்டுக் கவி சாஸர், தம்முடைய காண்டர்பரிக் கதைகளில் வரும் ஒரு பணக்கார நிலச்சுவான்தாரின் விருந்தோம்பலை வருணிக்கும்போது, அவர் வீட்டுக் கூடத்தில் மேஜை எப்போதும் போட்டபடியே இருக்கும் என்பதைக் குறிப்பிட்டுச் சொல்கிறார்.

பலகையின் மேல் வைத்துச் சாப்பிட்டதால் பலகை என்ற சொல்லே மேஜைக்குப் பெயராயிற்று. 'டேபிள்' என்ற சொல் மட்டும் என்ன வாழ்ந்தது? லத்தீனில் அதற்கும் மூலப்பொருள் பலகைதான். நம் ஊரில் இலையைத் தரையில் போட்டு, நாம் மணைப் பலகையில் உட்கார்ந்தோம். அவர்கள் உணவைப் பலகையில் வைத்தார்கள். நாம் நம்மையே பலகையில் வைத்துக்கொண்டோம். மனித ஜாதிக்குப் பசி ஒன்றுதான். பலகையை எங்கே போடுவது என்பதில்தான் வித்தியாசம்!

கிண்ணங்களை அடுக்கிக் காட்ட ஒரு பலகை இருந்தது, அது 'கப்போர்டு'. பக்கத்தில் பரிமாறுவதற்கு இன்னொரு பலகை, அது 'சைட்போர்டு'. சூதாடுகிறவன் கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோனால் சீட்டை மாற்றிவிடுவான். ஆகவே கை இரண்டும் பலகைக்கு மேலே தெரியும்படி ஆட வேண்டும். அதிலிருந்து, ஒளிவு மறைவு இல்லாத காரியத்துக்குப் 'பலகைக்கு மேலே' என்று பெயர் வந்தது. இந்தக் கையை மட்டும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேறொரு கை வரப்போகிறது.

மேஜையிலிருந்து அடுத்த அடி சாப்பாட்டுக்கு. 14-ஆம் நூற்றாண்டிலேயே போர்டு என்றால் தினசரிச் சாப்பாடு என்ற பொருள் வந்துவிட்டது. பணம் கொடுத்து ஒருவர் வீட்டில் சாப்பிடுகிறவன் 'போர்டர்'. பிள்ளைகள் உண்டு உறங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் 'போர்டிங்'. கணவன் மனைவி உறவுக்கே 'படுக்கையும் பலகையும்' என்று பெயர். மாதாகோயிலில் மணப்பெண் அந்த இரண்டிலும் பணிவாக இருப்பதாகப் பிரமாணம் செய்தாள். பிறகு ஒத்துவராமல் போனால், மத நீதிமன்றம் 'படுக்கையிலிருந்தும் பலகையிலிருந்தும்' அவர்களைப் பிரித்து வைத்தது. 1857-ல் புதிய விவாகச் சட்டம் வரும் வரையில் அந்த ஏற்பாடு இருந்தது. ஒரே பலகையில் சாப்பிடுவதுதான் குடும்பம் என்று அந்த நாளைய மனிதர்கள் நினைத்தார்கள். நல்ல எண்ணந்தான்.

கடலில் இந்தச் சொல்லுக்கு ஒரு சகோதரன் உண்டு. விளிம்பு, கப்பலின் பக்கம் என்று பொருள்படும் இன்னொரு பழஞ்சொல் பலகைச் சொல்லோடு கலந்து ஒன்றாகிவிட்டது. பழைய கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலது பக்கத்தில் இருந்தது. ஆகவே வலப் பக்கம் 'ஸ்டார்போர்டு'. அதற்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. இடப் பக்கம் 'லார்போர்டு'. புயலில் கத்தும்போது இரண்டும் ஒரே மாதிரி காதில் விழுந்தால் கப்பல் என்ன ஆவது? 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை 'லார்போர்டை' எடுத்துவிட்டு 'போர்ட்' என்று மாற்றியது. எதிரிக் கப்பலின் விளிம்பைத் தாண்டிக் குதிப்பதும் 'போர்டிங்' தான். 1797-ல் நெல்சன் ஒரு ஸ்பானியக் கப்பலில் அப்படிக் குதித்து, அதன் வழியாகவே அடுத்த கப்பலிலும் குதித்துப் பிடித்தார். இன்று விமானத்தில் பெட்டியை மேலே தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்காருகிற நாமும் அதே காரியத்தைத்தான் செய்கிறோம் என்று சீட்டில் அச்சடித்திருக்கிறது!

கடலை விட்டு மறுபடி கூடத்துக்கு வருவோம். கதையின் முக்கியமான திருப்பம் அங்கேதான் நிகழ்ந்தது.

சாப்பாட்டுப் பலகையைச் சுற்றி உட்காருகிறவர்கள் சாப்பாடு முடிந்ததும் எழுந்து போய்விடுவதில்லை. காரியங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். நாளடைவில் பேசுவதற்கென்றே பலகையைச் சுற்றி உட்காருகிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்டு என்ற சொல் மேஜையை விட்டு நழுவி, மேஜையைச் சுற்றி அமர்ந்தவர்களின் மேல் ஏறிக்கொண்டது. இங்கிலாந்து அரண்மனையில் 'பச்சைத் துணி போர்டு' என்று ஒரு சபை இருந்தது. அரண்மனையின் வரவு செலவுகளையும் சாமான்கள் வாங்கிய கணக்கையும் சரிபார்ப்பது அதன் வேலை. அவர்கள் உட்காரும் மேஜையின் மேல் பச்சைத் துணி விரித்திருக்கும். அதனால் அந்தப் பெயர். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது பாருங்கள். அதே பலகைதான், முன்பு அதன் மேல் ரொட்டி இருந்தது, இப்போது ரொட்டிக் கணக்கு இருக்கிறது. சாப்பிடுகிற பலகை, சாப்பாட்டை அளந்து கொடுக்கிற பலகையாகிவிட்டது.

நெடும் பலகையின் இரு புறமும் உட்கார்ந்தவர்களுக்கு வெறும் பெஞ்சுதான். வீட்டுத் தலைவருக்கு மட்டும் நாற்காலி. நாற்காலியில் இருப்பவர் 'சேர்மன்'. ஆலிவரின் போர்டில் உயர்ந்த நாற்காலியில் இருந்த பருத்த கனவானை நினைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் அதிகாரத்துக்கும் மரச்சாமானுக்கும் என்னவோ பூர்வ ஜன்ம பந்தம். பணம் மாற்றுகிறவன் உட்கார்ந்த பெஞ்சு 'பாங்க்' ஆயிற்று. எழுதும் மேஜையின் மேல் விரித்த முரட்டுத் துணி, முதலில் மேஜையாகி, பிறகு ஆபீஸாகி, 'பியூரோ' என்று பெயர் பெற்று, கடைசியில் உலகத்தையே ஆட்டி வைக்கும் 'பியூராக்ரசி' ஆயிற்று. ராஜா அந்தரங்கம் பேசிய சின்ன அறை 'காபினெட்' ஆயிற்று. நாம் மட்டும் சளைத்தவர்களா? தமிழுக்குச் சங்கம் வைத்த கதையில், புலவர்களுக்குச் சிவபெருமான் கொடுத்ததும் ஒரு பலகைதான். தகுதி உள்ளவனுக்கு அது தானே நீண்டு இடம் கொடுக்கும் என்பது ஐதிகம். இங்கிலாந்துப் பலகைகளுக்கு அந்த வித்தை தெரியவில்லை. ஆளைப் பார்த்து நீளுவதும் சுருங்குவதும் அங்கே மனிதர்கள் கையில் இருந்தது.

அதன் பிறகு போர்டுகள் மழைக் காளான் போல முளைத்தன. 1696-ல் மூன்றாம் வில்லியம் வியாபாரத்துக்கும் குடியேற்றங்களுக்கும் ஒரு கமிஷனை நியமித்தார்; அந்தப் பரம்பரையில் வந்ததுதான் பிரசித்தமான 'போர்டு ஆப் டிரேட்'. காண்டர்பரி ஆர்ச்பிஷப்புக்குக்கூட அதில் பதவி வழியாக ஓர் இடம் உண்டு. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து முழு போர்டும் கூடி வேலை செய்யும் வழக்கமே நின்றுபோயிற்று. தலைவர் கையெழுத்துப் போடுவார். போர்டு தீர்மானித்ததாக உத்தரவு போகும். முதலில் மேஜை இருந்தது. பிறகு மேஜையைச் சுற்றி மனிதர்கள் இருந்தார்கள். கடைசியில் மேஜையும் இல்லை, மனிதர்களும் இல்லை, பெயர் மட்டும் ஆண்டுகொண்டிருந்தது.

பெயர் ஆளுவதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். அதற்கு ஆலிவரின் காலத்து இங்கிலாந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

1834-ல் புதிய ஏழைச் சட்டம் வந்தது. அதற்கு முன் எலிசபெத் ராணி காலத்து 1601-ஆம் வருஷச் சட்டப்படி, அந்தந்தச் சர்ச் வட்டாரம் தன் ஏழைகளைக் கவனித்து வந்தது. வீட்டிலிருந்தபடியே உதவி பெற்றவர்கள் அநேகர். வரி கொடுப்பவர்களுக்கு இது பாரமாகப் பட்டது. புதிய சட்டம் பல வட்டாரங்களைச் சேர்த்து ஒரு யூனியனாக்கி, யூனியனுக்கு ஓர் ஏழை விடுதி கட்டச் சொன்னது. அதை நடத்துவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு 'பாதுகாவலர் போர்டு'. வரி கொடுப்பவர்களுக்குத்தான் ஓட்டு. சொத்து அதிகமானால் ஓட்டும் அதிகம். விடுதியில் இருப்பவனுடைய நிலைமை, வெளியே உழைத்துப் பிழைக்கும் பரம ஏழையின் நிலைமையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் சித்தாந்தம். இல்லாவிட்டால் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்களாம்! புருஷனை ஒரு பகுதியிலும், மனைவியை ஒரு பகுதியிலும், குழந்தைகளை வேறொரு பகுதியிலும் பிரித்து வைத்தார்கள். 'படுக்கையும் பலகையும்' பிரிவதற்கு இங்கே எந்த நீதிமன்றமும் தேவைப்படவில்லை. வறுமையே போதுமானதாக இருந்தது.

1837-ல் ஒரு பத்திரிகையில் ஆலிவரின் கதை தொடராக வரத் தொடங்கியபோது டிக்கன்ஸுக்கு வயது 25. பன்னிரண்டாவது வயதில், கடனுக்காகத் தகப்பனார் சிறையில் இருக்க, பூட்ஸ் மெருகு தயாரிக்கும் தொழிற்சாலையில் டப்பாக்களுக்குக் காகிதம் ஒட்டிப் பிழைத்தவர் அவர். பசி என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயமல்ல. ஆங்கிலத்தில் போர்டு என்றால் சாப்பாடு. போர்டு என்றால் சாப்பாட்டை நிர்ணயிக்கிற கனவான்கள். முன்னது கேட்ட பையனைப் பின்னது அறையில் பூட்டி வைத்தது. அவனைக் கொண்டுபோகிறவர்களுக்கு ஐந்து பவுன் இனாம் என்று கதவில் விளம்பரம் ஒட்டியது.

அது கதைதானே என்றால், கதையை மிஞ்சிய சம்பவம் எட்டு வருஷத்தில் நடந்தது. ஹாம்ப்ஷயரில் ஆண்டோவர் என்று ஓர் ஊர். அங்கிருந்த ஏழை விடுதியில் ஆண்களுக்கு எலும்பு உடைக்கும் வேலை. குதிரை, மாடு முதலிய மிருகங்களின் எலும்புகளை இரும்புத் தடியால் இடித்து எருவுக்காகத் தூளாக்க வேண்டும். 1845-ல் அந்தப் பயங்கரம் வெளியே வந்தது. விடுதியில் கொடுத்த சாப்பாடு போதாமல், அந்த மனிதர்கள் இடிக்க வந்த எலும்புகளில் ஒட்டியிருந்த சதையையும் உள்ளே இருந்த மஜ்ஜையையும் சுரண்டித் தின்றார்கள்; மஜ்ஜையுள்ள எலும்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

இது எப்படி வெளியே வந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அந்தப் பாதுகாவலர் போர்டிலேயே ஹியூ மண்டி என்று ஒரு குடியானவர் இருந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியதும் போர்டில் எழுந்து கேட்டார். மற்றவர்கள் அசைந்து கொடுக்கவில்லை. அவர் விடவில்லை. 'லான்ஸெட்' வைத்தியப் பத்திரிகையை 1823-ல் தொடங்கியவரும் பார்லிமெண்டு அங்கத்தினருமான தாமஸ் வாக்லியிடம் சொன்னார். வாக்லி பார்லிமெண்டில் கேட்டார். விசாரணை நடந்தது, நாடே தலைகுனிந்தது. 1847-ல், மேலே இருந்து அதிகாரம் செய்த ஏழைச் சட்டக் கமிஷனை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? 'ஏழைச் சட்ட போர்டு'! மந்திரிகள் சிலர் அதில் பதவி வழி அங்கத்தினர்கள். அவர்கள் போர்டாகக் கூடி உட்கார்ந்தது கிடையாது என்றே சொல்லிவிடலாம்.

ஒரு பலகை நல்லதாவதும் கெட்டதாவதும் அதைச் சுற்றி உட்காரும் ஆட்களைப் பொறுத்தது. 1894-ல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சோர்ல்டன் யூனியனில் ஒரு பெண்மணி பாதுகாவலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னாளில் பெண்களின் ஓட்டுரிமைக்காகச் சிறை சென்ற எம்மெலின் பாங்கர்ஸ்ட்தான் அவர். விடுதிக்குள் போய்ப் பார்த்தபோது, ஏழு எட்டு வயதுப் பெண் குழந்தைகள் குளிர்ந்த கல் தரையை முழங்காலிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்தார், பார்த்ததை போர்டில் பேசினார், பேசியதைச் செய்தும் காட்டினார். சாப்பாடு திருந்தியது. அதே சட்டம், அதே மேஜை. உட்கார்ந்தவர் வேறு. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியோடு பாதுகாவலர் போர்டுகள் கலைக்கப்பட்டன. அன்றைக்கு அந்த மேஜைகளை என்ன செய்திருப்பார்கள் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு. நல்ல ஓக் மரமாக இருந்திருக்கும்.

இந்தச் சொல் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்வை செய்ய 1784-ல் லண்டனில் ஒரு 'கண்ட்ரோல் போர்டு' ஏற்பட்டது. 1786-ல் சென்னையில் ரெவின்யூ போர்டு ஏற்பட்டது. நிலவரி விஷயத்தில் தாசில்தாருக்கு மேல் கலெக்டர், கலெக்டருக்கு மேல் போர்டு. தாமஸ் மன்றோவின் ரயத்துவாரி முறையை நெடுநாள் எதிர்த்து நின்றது இந்த போர்டு. 1820-ல் அவரே கவர்னராக வந்த பிறகுதான் அவர் கட்சி நிலைத்தது. ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையில் பின்னாளில் குடிகொண்ட அந்த போர்டு 1980-ல் கலைக்கப்பட்டது. அதன் நிலையான உத்தரவுகளுக்கு வழங்கிய 'பி.எஸ்.ஓ.' என்ற பெயர் மட்டும் தாலுகா ஆபீஸ்களில் பிடிவாதமாக உயிரோடு இருந்தது. 1884-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் ஜில்லா போர்டுகள் வந்தன. சாலை போட்டன, சத்திரம் நடத்தின, பள்ளிக்கூடம் வைத்தன. 1950-களின் முடிவில் அவையும் மறைந்தன. ஆனால் பல ஊர்களில் பெரியவர்கள் இன்றைக்கும் 'போர்டு ஸ்கூல்' என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுடைய பேரன்கள், கரும்பலகை இருப்பதால் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த போர்டுக்குத் தமிழில் பெயர் தேடியபோது நம்மவர்கள் பலகை என்று மொழிபெயர்க்கவில்லை. 'வாரியம்' என்றார்கள். அருமையான சொல். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 919, 921-ஆம் வருஷங்களில் வெட்டியவை. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று ஊர்க் காரியங்களைப் பார்க்கும் குழுக்களையும், அவற்றுக்கு ஆள் எடுக்கும் முறையையும் அவை சொல்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். ஏதும் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். நான் முன்னே சொன்ன கை இதுதான். மேஜையே இல்லாத ஊரில், 'பலகைக்கு மேலே' கையைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்! அதுவும் ஆங்கிலத்தில் அந்த வழக்குப் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னால்! முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வர முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது.

இதைச் சொல்லி நாம் ஒரேயடியாக மார்தட்டிக்கொள்வதற்கும் இல்லை. அது பிராமணர்களின் ஊர்ச் சபை. குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் சொந்த மனையும், வரி கட்டும் நிலமும், வேதப் படிப்பும் வேண்டும். ஏரியைத் தூர்வாரிய கூலியாளின் பெயர் குடத்தில் விழுந்திருக்காது. ஆனாலும் ஒன்று உண்டு. இன்னார்தான் இந்த வருஷம் ஏரி வாரியம் என்று ஊர் முழுவதற்கும் தெரியும். சபை நடுவே பெயரை உரக்கப் படித்தாயிற்று. மடை உடைந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

சென்ற வருஷம் எங்கள் வீட்டில் மாடி எடுத்தபோது ஓர் அம்மாள் சித்தாள் வேலைக்கு வந்தாள். அறுபதைத் தாண்டியவள். கட்டட வேலைக்காரர்களுக்கென்று உள்ள நலவாரியத்தில் பதிந்து வைத்திருக்கிறாள். பென்ஷனுக்கு எழுதிப் போட்டுப் பல மாதமாகிறது. ஞாபகப்படுத்தி ஒரு மனு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரிக்கு வாரியம் வந்திடுச்சு தம்பி. எனக்கு இன்னும் வரலே" என்றாள்.

அவள் வாரியம் என்று சொன்னது பணத்தை. பணம் என்றால் அவளுக்குச் சாப்பாடு. நான் பேனாவை எடுத்த கையோடு ஒரு கணம் நின்றேன். மேஜையாகி, சாப்பாடாகி, சபையாகி, கப்பலேறி வந்து, தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட அந்தச் சொல், அவள் வாயில் மறுபடி சாப்பாடாகிவிட்டிருந்தது.

"ஏன் தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். வாரியம் வாரியம்கிறாங்களே, அது ஆளா, ஆபீஸா?"

சில பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள், அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் வாரியம் என்று பெயர் என்று விளக்கினேன்.

"அப்படியா? அப்ப அவங்க பேரைப் போட்டு எழுதுங்க. பேரைச் சொல்லிக் கேட்டா இல்லேன்னு சொல்ல மனசு வராது."

அவள் கொண்டுவந்திருந்த காகிதங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ரசீதுகள் இருந்தன, முத்திரைகள் இருந்தன, பதவிகளின் பெயர்கள் இருந்தன. ஓர் ஆளின் பெயர் இல்லை. மனுவின் தலைப்பில் யாரை எழுதுவது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்துவிட்டாள் போலும்.

"பரவாயில்லே, ஐயான்னு மட்டும் போடுங்க தம்பி. அங்கே யாராவது ஒரு ஐயா இருக்கத்தானே செய்வாரு" என்றாள்.

அப்படியே எழுதிக் கொடுத்தேன்.